ஏழாவது கேள்வி

எனக்குப் பிறந்த நாள் இரண்டு. விரோதி வருஷம் ஆடி மாதம் என் அம்மா என்னைப் பெற்றாள். விஜய வருஷம் ஆடி மாதம் என் அப்பா என்னைப் பெற்றார். இரண்டுக்கும் நடுவில் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தை அப்பா பள்ளிக்கூட ரிஜிஸ்டரின் முன்னால் நின்றுகொண்டு வெற்றிலைச் சாற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இதைத் தப்பு என்று அவர் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாருமே நினைப்பதில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் ஐம்பத்தைந்து வயதானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். பையனுக்கு வயதை நாலு குறைத்துப் போட்டால் கடைசியில் நாலு வருஷம் கூடுதல் சம்பளம். அதுவும் கடைசிச் சம்பளம், பெரிய சம்பளம். பிள்ளைக்குத் தலை நிற்பதற்கு முன்னாலேயே பென்ஷனைப் பற்றி யோசிக்கிற கூட்டம் நாங்கள். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு இருந்த வயல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போன பிறகு, வயல் இருந்த இடத்தில் உத்தியோகத்தை வைத்துக் கும்பிட ஆரம்பித்தோம். சாமி பெரிய சாமிதான். பலி கேட்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு நாலு என்றால் என் தம்பி திருஞானசம்பந்தத்துக்கும் நாலு. பிள்ளைகளுக்குள் அப்பா பாரபட்சம் பார்த்ததே இல்லை. சம்பந்தம் விஜய வருஷம் மார்கழியில் பிறந்தவன். ரிஜிஸ்டரில் ஹேவிளம்பி வருஷம் மார்கழி. பன்னிரண்டு வயதில் அவனைப் பாளையங்கோட்டையில் ஒரு ஹைஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அப்பா "எட்டு" என்றாராம். பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பையனைப் பார்த்திருக்கிறார்.

"தாமிரவருணித் தண்ணி வே, பிள்ளைக அப்படித்தான் வளரும்" என்று அப்பா சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டார். அவர் பிள்ளைக்கு அவர் எத்தனை குறைத்திருந்தாரோ, யார் கண்டது.

இந்தப் பொய் என்னை ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் நான் மக்கு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். அடுத்த தடவை தேறியபோது நிஜத்தில் இருபது வயது, ரிஜிஸ்டரில் பதினாறு. காலேஜுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. ரிஜிஸ்டர் வயது பதினெட்டு ஆகிற வரைக்கும் திருநெல்வேலியில் ஒரு சர்க்கார் கச்சேரியில் சம்பளமில்லாமல் காகிதக் கட்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் உத்தியோகத்துக்கு அதுதான் வாசல். 1911 ஆடியில் பதினைந்து ரூபாய்க் குமாஸ்தா ஆனேன். சின்ன வயதில் வேலைக்கு வந்துவிட்டான் என்று ஆபீசில் மெச்சினார்கள். மக்குக்குத் தோதுப்பட்ட பொய் கெட்டிக்காரனின் கழுத்தைப் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சம்பந்தம் கெட்டிக்காரன். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. கணக்கில் அவன் வாத்தியாருக்குத் தப்பு எடுத்துக் கொடுப்பான், அதையும் பைய, வாத்தியார் மனம் நோகாமல். நான் கச்சேரிக்கு வந்த நாளிலிருந்து வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்து இருவரும் சேர்ந்து இருந்தோம். அவன் பொங்குவான், நான் தின்பேன்.

அவன் கடைசிக்கு முந்தின வகுப்பான ஐந்தாம் பாரத்துக்குப் போன சமயத்தில்தான் மெட்ரிகுலேஷன் ஒழிந்து, பள்ளி இறுதி சர்டிபிகேட் என்று ஒரு புஸ்தகம் புதிதாக வந்தது. அதில் பையனுடைய மார்க்கு, வாத்தியார் அபிப்பிராயம் எல்லாம் வருஷா வருஷம் ஏறும். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பெரிய எழுத்தில். அதோடு இன்னொரு புதுமை: பையன்கள் வழி பிரிந்துகொள்ள வேண்டும். டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, வியாபாரக் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் ஆபீஸ் வேலைக்கு நேர் வழி. பெரிய கணக்கு, ரசாயனம் என்று எடுத்துக்கொண்டால் காலேஜுக்கு வழி. இதை எடுத்தவனுக்கு டைப்ரைட்டர் தெரியாது. அதை எடுத்தவனுக்குக் காலேஜ் கிடையாது.

அப்பா டைப்ரைட்டிங்தான் என்று ஊரிலிருந்து காகிதம் போட்டார். சம்பந்தம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, எனக்குக் கணக்கு வேணும்ணே" என்றான். அவன் என்னிடம் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சமாளித்தும் விட்டேன். என் வாழ்நாளில் நான் அவனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுவே பிறகு அவனைக் கவிழ்த்தது.

1912 மே கடைசியில் முடிவு வந்தது. காலேஜுக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் அவன்தான் முதல். ஹெட்மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு, திருச்சினாப்பள்ளியில் ஒரு காலேஜில் எங்கள் ஜில்லாப் பையன் ஒருவனுக்கு வருஷத்துக்கு ஓர் இடம் உண்டு, யாரோ தர்மவான் ஏற்படுத்தியது, படிப்பும் சாப்பாடும் இலவசம், அது இந்த வருஷம் உனக்கு என்று சொல்லிக் கடிதமும் கொடுத்தார். இந்த வருஷம் சேராவிட்டால் அடுத்த வருஷம் வேறு பையனுக்குப் போய்விடும். அன்றைக்குச் சம்பந்தம் ராகி அல்வா கிண்டுகிறேன் என்று கிண்டி அடிப்பிடிக்க விட்டான். கரிந்ததைச் சுரண்டிச் சுரண்டி இருவரும் தின்றோம்.

ஜூன் முதல் வாரத்தில் திருச்சினாப்பள்ளிக்கு ரயில் ஏறினவன் இரண்டாம் நாளே திரும்பி வந்தான். பிரின்சிபால் வெள்ளைக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கை குலுக்கினாராம். பிறகு சர்டிபிகேட் புஸ்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். பதினைந்து வயது நிறையாதவனைக் காலேஜில் சேர்க்க விதி இல்லை. புஸ்தகத்தின்படி அவனுக்குப் பதினாலரை. நிஜத்தில் பதினெட்டு முடிந்து ஆறு மாதம்.

"ஒம் மீசைக்கு இங்க இடம் உண்டு, ஒம் புஸ்தகத்துக்கு இல்லன்னுட்டாருண்ணே" என்றான் சம்பந்தம். சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிற்று.

ஆனால் பிரின்சிபால் நல்ல மனுஷர். வயது தப்பாக ஏறியிருந்தால் ஜூன் முப்பதுக்குள் திருத்திக் கொண்டுவா, இடத்தை அதுவரை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஹெட்மாஸ்டரும் நல்லவர். கோடை லீவுக்கு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், திருத்தம் கோரும் மனுப் பாரம் ஒன்றை எடுத்து அடியில் சிபாரிசுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜாதகத்தின் நகல், தகப்பனார் கையெழுத்து, பத்து கேள்விகளுக்குப் பதில். பாளையங்கோட்டை இன்ஸ்பெக்டர் ஆபீசில் கொடுத்தால் இரண்டு நாளில் வேலை முடியும். "வீட்டில் விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் பூர்த்தி பண்ணச் சொல்" என்றாராம். என்னை அவருக்குத் தெரியாது. என் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

விவரம் தெரிந்தவன் நான்தானே. மனு எழுதுவதுதானே என் பிழைப்பு. கச்சேரியில் உட்கார்ந்து, நல்ல மையாகப் பார்த்துத் தொட்டு, ஆறு கேள்விகளுக்கு முத்து முத்தாகப் பதில் எழுதினேன். தவறு எப்படி நேர்ந்தது என்பதற்கு, 'தகப்பனாரின் ஞாபகப் பிசகால்' என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஏழாவது கேள்விக்கு வந்தேன்.

'மனுதாரருக்கு மூத்த சகோதரர் உண்டா? உண்டெனில் அவருடைய பெயர், உத்தியோகம், ரிஜிஸ்டரில் கண்டபடி பிறந்த தேதி.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இலாகாவில் யாரோ ஒரு கெட்டிக்காரன் வைத்த கேள்வி அது. அண்ணன் வயதையும் தம்பி வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் தன்னால் வெளியே வந்துவிடும். என் சர்வீஸ் புஸ்தகத்தில் நான் விஜய வருஷம் ஆடியில் பிறந்தவன். சம்பந்தம் உண்மையிலேயே விஜய வருஷம் மார்கழியில் பிறந்தவன். ஆடியில் என்னைப் பெற்ற தாய் ஐந்தே மாதத்தில் இன்னொரு பிள்ளை பெற்றாளா? தம்பியின் உண்மையை எழுதினால் என் பொய் தெரியும். பொய் வயது கொடுத்து உத்தியோகத்தில் சேர்ந்தவனுக்கு என்ன நடக்கும் என்பது கச்சேரியில் எல்லாருக்கும் தெரியும். சாதாரண நாளிலேயே தெரியும். அதற்கு முந்தின வருஷம் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டரைச் சுட்டதிலிருந்து எந்தக் காகிதத்தை யார் எப்போது பிரித்துப் பார்ப்பார்களோ என்று பெரிய குமாஸ்தாக்களே பயந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அடுத்த மேஜை பாபநாசம் பிள்ளை. இருபது வருஷ சர்வீஸ். நான் மையைத் தொட்டுத் தொட்டு உலர விடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னவே கைலாசம், ஏழாவதுல போயி முட்டிக்கிட்டு நிக்கீரு?"

சொன்னேன். அவர் பொடி போட்டுக்கொண்டு யோசித்தார்.

"இதுல என்ன வே இருக்கு. ரெண்டு தாரம்னு எழுதும். நீரு மூத்த தாரத்துப் பிள்ள, அவன் இளைய தாரத்துப் பிள்ள. ரெண்டு பேரு வயித்துல அஞ்சு மாச வித்தியாசம் வந்தா எந்தத் துரை கேப்பான்?"

"அம்மா இருக்காகளே, அண்ணாச்சி."

"இருக்கட்டும். காகிதத்துலதான வே. கேட்டுக்கிட்டு வாரும். இல்ல, பயமா இருக்குன்னா எழுதாம வச்சிரும். காகிதத்தக் கொல்லணும்னா கிழிக்கப்படாது வே. கிழிச்சா சத்தம் கேக்கும். வச்சிருக்கணும். தானா செத்துப் போகும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்கள் ஆபீசில் மனுக்களை அப்படித்தான் முடிப்பது. இல்லை என்று உத்தரவு போட்டால் அப்பீல் வரும். உத்தரவே போடாவிட்டால் ஒன்றும் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போனேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஊரே செய்யுதத நானும் செஞ்சேன். எனக்கு மட்டும் சர்க்காரு கணக்குத் தீக்க வந்துட்டான்" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஏழாவது கேள்வியை அவர் படிக்கவில்லை. நானும் காட்டவில்லை.

அம்மாவிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஞானம்பாள் என் அம்மா. அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். பாபநாசம் பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன், முகத்தைப் பார்க்காமல். அம்மியின் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடியும் ஆரம்பித்தது.

"எழுதிக்கோய்யா" என்றாள். "ஒன்ன நான் பெறலன்னே எழுதிக்கோ. நாலு வருசத்த ஒங்கப்பா முழுங்கினாரு, மிச்சத்த நான் முழுங்குதேன். சின்னவன் படிக்கட்டும்."

குழவியை நிமிர்த்தி வைத்தாள்.

"மூத்த தாரம்னா பேரு ஒண்ணு வேணும்லா? எங்க அக்கா கோமு பேரப் போடு. கல்யாணத்துக்கு முன்னயே அம்மை வந்து போயிட்டா. கோவிச்சுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அரைத்ததை வழித்தாள். அன்றைக்கு அந்தக் குழம்பை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன்.

பெற்றவள் தான் பெறவில்லை என்று எழுதச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? திரும்பி வரும்போது ரயிலில் மனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கோமு என்ற பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுத முடியவில்லை. தாய்ப் பாசம் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். பயம், வெறும் பயம். மனுவை யாராவது கிராம முன்சீப்புக்கு அனுப்பி விசாரித்தால்? அப்பா ஐயம்பெருமாள் பிள்ளைக்கு ஒரே தாரம் என்று ஊரில் மாடு மேய்க்கிறவன்கூடச் சொல்வானே? என் பதினைந்து ரூபாயில்தான் ஊரில் அடுப்பு எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜம். நிஜத்தைப் போர்த்திக்கொண்டு எவ்வளவு கேவலமும் செய்யலாம்.

அறைக்கு வந்ததும் சம்பந்தம் எழுந்து நின்றான். "என்னாச்சுண்ணே?" என்றான்.

"எல்லாம் ஆச்சு. நாளைக்குக் காலையில குடுத்துருவேன்" என்றேன். மறுநாள் மத்தியானம், "குடுத்தாச்சு" என்றேன். அப்பாவின் பிள்ளைதானே, பொய் நாக்கில் தயாராக இருந்தது. மனுவை ஜாதக நகலோடு ஓர் உறையில் போட்டு, என் தகரப் பெட்டியின் அடியில், தீபாவளி வேட்டிக்குக் கீழே வைத்தேன். அந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. எங்களுக்குள் பூட்ட வேண்டியது ஒன்றும் இருந்ததில்லை.

பள்ளிக்கூட லீவு நாள்களில் எனக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சம்பந்தமே கச்சேரிக்குக் கொண்டுவருவான். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு புங்கமரத்து அடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டு, "பதில் வந்துட்டாண்ணே?" என்று கேட்பான்.

"பரிசீலனையில இருக்கு" என்பேன். ஆபீசில் மனுக் கொடுத்தவர்களிடம் சொல்கிற அதே வார்த்தை. என் சொந்தத் தம்பியிடம் அதைச் சொல்லும்போது குரல்கூட ஆபீஸ் குரலாக மாறிவிட்டதை நானே கேட்டேன்.

மேற்கே மலையில் மழை பிடித்து ஆற்றில் செந்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கமும் நல்ல மழை. சாயங்காலம் அறைக்குப் போனால் என் வேட்டி சட்டையெல்லாம் கொடியில் தொங்குகிறது. என் கண் பெட்டிக்குப் போனது.

"ஓடு ஒழுகி ஒங்க பெட்டி நனைஞ்சு போச்சுண்ணே. எல்லாத்தையும் எடுத்துக் காயப் போட்டேன்" என்றான், அடுப்பை ஊதிக்கொண்டே.

அவன் தண்ணீர் எடுக்கப் போனதும் பெட்டிக்குள் கையை விட்டேன். உறை அடியில், இருந்த இடத்தில் இருந்தது. ஓரம் மட்டும் ஈரம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அவன் நாள் தவறாமல் சோறு கொண்டுவந்தான். பதில் வந்ததா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டான். வேறொன்று கேட்டான். "இன்னும் நாள் இருக்குல்லாண்ணே?" என்பான். இருக்கு, இருக்கு என்பேன். வத்தக்குழம்பு கொண்டுவந்த அன்றைக்கும் கேட்டான். எனக்குப் பிடிக்கும் என்று அவியல் வைத்துக் கொண்டுவந்த அன்றைக்கும் கேட்டான். இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை கடைசியாகக் கேட்டான். "இன்னைக்கு ஒரு நாள் இருக்குல்லாண்ணே?"

"இலாகாக் காரியம்லே, நம்ம கையிலயா இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவன் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு பாலத்துப் பக்கமாக நடந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குள் போனேன்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இருவரும் அறையில் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

இனி என்ன செய்வது என்று ஒரு வாரம் அலைந்தான். வாத்தியார் பயிற்சிக்கு மனுக் கேட்டால் வயது போதாது என்றார்கள். கச்சேரி வேலைக்குப் பதினெட்டு வேண்டும், புஸ்தகத்தின்படி இன்னும் மூன்றரை வருஷம். கடைகளில் டைப்ரைட்டிங் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது, அவன் கணக்கு எடுத்தவன். முகத்தில் மீசையும் கையில் பதினாலு வயதுமாக அவன் படியேறாத இடம் இல்லை. கடைசியில் முக்கூடல்காரன் ஒருவன், இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளை வேண்டும் என்று சொன்னான்.

ஸ்டேஷனுக்கு நான் போனேன். தூத்துக்குடி வண்டி. அவனுடைய சர்டிபிகேட் புஸ்தகத்தை என் கையில் கொடுத்தான்.

"இது வேண்டாமாலே?" என்றேன்.

"அங்கன வயசு கேக்க மாட்டாங்களாம்ணே" என்றான். அப்புறம் குனிந்து என் காலைத் தொட்டான். நானும் ஒரு பெரிய மனுஷனைப் போல அவன் தலையில் கை வைத்தேன். என் கை வெந்து போயிருக்க வேண்டாமா?

அம்மாவுக்கு அங்கிருந்து காகிதம் வந்தது. மலைக்குளிர், கம்பளி வாங்கியிருக்கிறேன், காலையில் கூலியாள்களுக்குப் பேர் பதிகிற வேலை என்று. எனக்கு வரவில்லை. புதுத் தோட்டம், நேரம் இராது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி வந்தது. புஸ்தகத்தின்படி சம்பந்தத்துக்குப் பதினைந்து வயது நிறைகிற நாளும் வந்தது. அன்றைக்கு என்னமோ அந்த உறை பெட்டியில் கிடப்பது பொறுக்கவில்லை. எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று கையை விட்டு எடுத்தேன். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று பிரித்தேன்.

ஆறு பதில்கள் என் எழுத்தில். கீழே அப்பாவின் கையெழுத்து. நான் வெறுமையாக விட்ட ஏழாவது கேள்விக்கு எதிரே என் எழுத்தைப் போலவே பார்த்து எழுதிய ஒரு பதில் இருந்தது.

'மூத்த சகோதரர் இல்லை.'

மிச்ச மூன்று கேள்விகளுக்கும் பதில் பூர்த்தியாகியிருந்தது. அடியில் தேதி, 14-6-1912. ஓடு ஒழுகிய வெள்ளிக்கிழமை.

நான் அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தாரம் வேண்டாம். கோமு பெரியம்மாளை எழுப்ப வேண்டாம். அம்மா என்னைப் பெறாமல் போக வேண்டாம். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஹெட்மாஸ்டருக்கு என்னைத் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு என்னைத் தெரியாது. ஆபீஸ்களில் உண்டு என்று எழுதியதைத்தான் துருவுவார்கள். இல்லை என்று எழுதியதை எவனும் தேடிப் போவதில்லை. இதே தொழிலில் தின்று கொழுத்த எனக்கு இது தோன்றவில்லை. என் உத்தியோகத்துக்குப் பங்கம் வராத ஒரு வழியை அந்தப் பிள்ளை ஒரே மழைநாளில் கண்டுபிடித்திருக்கிறான். கணக்குக்காரன்.

அவனே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், எத்தனையோ நாள். அண்ணன் இல்லை என்று எழுத அவனால் முடிந்தது. அண்ணனைக் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. நான் பொய் சொன்னது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை என்னிடம் சொன்னால் எனக்கு அவமானம் என்று அதையும் அவன் சொல்லவில்லை. எனக்கு நோகாமல் வழியைச் செய்து பெட்டியில் வைத்துவிட்டு, நானாக எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்தான். ஞாயிறு நீங்கலாகப் பதின்மூன்று நாள் சோறு கொண்டுவந்து, இன்னும் நாள் இருக்குல்லா என்று கேட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் அந்த உறையைப் பிரித்திருந்தால் போதும்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. எனக்குச் சம்பளம் இரண்டு தடவை கூடிற்று. அப்பா போன வருஷம் இறந்தபோது தந்தி கொடுத்தேன். பணம் வந்தது, அவன் வரவில்லை. அம்மா ஒரு நாள் அவனுடைய காகிதங்களையெல்லாம் எடுத்து என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். எல்லாவற்றையும் படித்தேன். அப்பாவை விசாரித்திருக்கிறான், பசுவை விசாரித்திருக்கிறான், பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாளின் கண் நோயைக்கூட விசாரித்திருக்கிறான். ஒரு காகிதத்தில்கூட அண்ணன் என்ற சொல் இல்லை.

"ஒன்னப் பத்தி என்னய்யா எழுதியிருக்கான்?" என்று அம்மா கேட்டாள்.

"சுகமான்னு கேட்டிருக்கான்" என்றேன்.